ரயில் போகும்வரை

கல்லூரியின் நடுவே ரயில்பாதை போகிறது. சரக்கு ரயில்கள் நேரங்காலம் பார்க்காமல் வரும். ஆசிரியர் பேசிக்கொண்டிருப்பார், ஊதல் கேட்கும், வாக்கியத்தின் பாதியில் நிறுத்திக்கொள்வார். பெட்டிகள் கடந்து முடியும்வரை அறையில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். எங்கே விட்டேன் என்று கேட்கமாட்டார். நடைபாதையில் பேசிக்கொண்டு போகிறவர்களும் இப்படித்தான். காதலர்கள்கூட. ஒருமுறை பெட்டிகளை எண்ண ஆரம்பித்து எழுபதோடு விட்டுவிட்டேன். அமெரிக்காவில் நான் கண்ட முதல் மௌனம் இது. ரயில் கொடுத்த மௌனம் என்றுதான் நினைத்தேன். அவர்களிடம் அது முன்பே இருந்தது, ரயில் ஒரு சாக்கு என்பது பிடிபடப் பல மாதங்களாயின.

இண்டியானா மாநிலத்தின் வடகோடியில் கோஷன் என்ற சிற்றூர். அங்குள்ள மென்னோனைட் கல்லூரியில் 2009 ஆகஸ்டிலிருந்து 2010 மே வரை இருந்தேன். இருந்தேன் என்பதைத் தவிர வேறு வினைச்சொல் பொருந்தாது. செவிலியர் படிப்பில் ஓராண்டு கற்பிக்க அழைக்கப்பட்டவள் என் மனைவி. நான் வங்கியில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு உடன் போனவன். விசாவில் என் பெயர் 'சார்ந்திருப்பவர்'. வேலை செய்யக்கூடாது. சமைத்தேன், நூலகத்தில் உட்கார்ந்தேன், புரியாத ஆட்டங்களைப் பார்த்தேன். அந்த வட்டாரமே அப்போது ஏறக்குறைய என் நிலையில்தான் இருந்தது. விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சக்கரம் வைத்த வீடுகளைச் செய்து நாடெங்கும் விற்கிற ஊர்கள் அவை. 2008இன் நிதிச் சரிவில் அத்தொழில் படுத்துவிட, 2009 தொடக்கத்தில் வேலையில்லாதோர் நூற்றுக்கு இருபதை நெருங்கியிருந்தார்கள். கடைவாசலில் அமிஷ் குதிரைவண்டிகள் மட்டும் வழக்கம்போல நின்றன.

மென்னோனைட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1525இல் ஜூரிச் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தவன் தானே கேட்டுப் பெறவேண்டும் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்களும் சரி, சீர்திருத்தக்காரர்களும் சரி, இதைப் பொறுக்கவில்லை. எரித்தார்கள், ஆற்றில் அமிழ்த்தினார்கள். 1536இல் பாதிரிப் பதவியைத் துறந்துவிட்டு இவர்களோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸின் பெயர் பிறகு இவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப்பிரமாணம் செய்வதில்லை. அமிஷ்காரர்கள் இவர்களிலிருந்து பிரிந்த கிளை. கல்லூரி 1894இல் பக்கத்து ஊரான எல்க்ஹார்ட்டில் ஆரம்பித்து 1903இல் கோஷனுக்கு வந்தது. நவீனம் புகுந்துவிட்டது என்று சபைக்குள் சண்டை முற்றி 1923-24இல் ஒரு கல்வியாண்டு முழுக்க இழுத்து மூடிவிட்டார்கள். சமாதானத்தைக் கொள்கையாக வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பதை அந்த ஓராண்டு காட்டுகிறது. கத்துவதில்லை, மூடிவிடுவார்கள்.

இந்தியாவோடு இவர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. பஞ்சத்தை ஒட்டி 1899இல், இன்று சத்தீஸ்கரில் இருக்கும் தம்தரியில் மிஷன் தொடங்கினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி என்னைக் கண்டதும் ஹிந்தியில் பேச ஆரம்பித்தார். எனக்கு ஹிந்தி தெரியாது என்றேன். அவர் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அறுபது வருஷம் காத்திருந்து கிடைத்த இந்தியன் இப்படியா என்பது போல.

தாடியும் கறுப்புக் கோட்டுமாக எதிர்பார்த்துப் போனவன் நான். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மாணவர்கள். ஜீன்ஸ், மூக்குத்தி, கிடார். வேற்றுமை எதுவும் கண்ணில் படவில்லை. முதல் வாரத்தில் ஒரு கூட்டத்தில் அறுநூற்றாறு என்றார் ஒருவர். எண்ணை மட்டும்தான் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. வாத்தியம் இல்லை. சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று நான்கு குரல்கள் நான்கு திசையிலிருந்து கிளம்பி, ஒன்றை ஒன்று துரத்தி, பின்தங்கி, மறுபடி சேர்ந்தன. முன்வரிசையில் பாடகர் குழு நின்று பாட மற்றவர் கேட்கும் ஏற்பாடு அல்ல. என் பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த பையன்தான் பாஸ். 1969இல் வந்த பாடல் புத்தகத்தில் அந்தத் துதிப்பாடலின் எண் 606. 1992இல் புதுப் புத்தகம் வந்தபோது அது 118 ஆகிவிட்டது. ஆனாலும் அறுநூற்றாறு என்றே சொன்னார்கள். 2020இல் வந்த புத்தகத்தில் 70. இப்போதும் அறுநூற்றாறு என்றுதான் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் சங்கீதம் தனிக்குரலின் சங்கீதம். மேதையும் அவனைச் சுற்றி ரசிகர்களும். நம் கவிதையும் பெரும்பாலும் அப்படியே. அறுநூற்றாறில் ஒருவன் குரல் மட்டும் தனித்துக் கேட்டால் அது பிழை. எனக்கு இது உவப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு ஒத்துப்போகிற கூட்டத்தில் கவிஞன் எங்கிருந்து வருவான் என்று தோன்றியது. வந்துதான் இருக்கிறார்கள். ரூடி வீப் 1962இல் தன் முதல் நாவலில், போர் வேண்டாம் என்கிற மென்னோனைட் கிராமத்துக்குள் ஊறிக்கிடக்கும் வன்முறையை எழுதினார். கனடாவில் சபைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், அந்தப் பதவியை விடவேண்டியதாயிற்று. 1963லிருந்து 1967வரை அவருக்கு வேலை கொடுத்தது கோஷன். 1969லிருந்து கல்லூரியில் ஒரு சிறு பதிப்பகமும் இருக்கிறது. பெயர் பின்ச்பென்னி, காசைக் கிள்ளிச் செலவழிக்கிறவன் என்று அர்த்தம். மாணவர்களின் கவிதைகளை மெல்லிய புத்தகங்களாகப் போடுகிறார்கள். வளையலை அடகு வைத்துப் பத்திரிகை நடத்திய நண்பர்களை நினைத்துக்கொண்டு நான்கு புத்தகங்கள் வாங்கினேன். இரண்டு சுமார். ஒன்று நன்றாக இருந்தது.

நூலகத்தில் மென்னோனைட் வரலாற்றுக்கென்று ஒரு தனிப் பகுதி. அங்கே தியாகிகளின் கண்ணாடி என்ற பெரிய புத்தகத்தைப் பார்த்தேன். 1660இல் டச்சு மொழியில் வந்தது. 1685 பதிப்புக்கு யான் லைக்கன் செப்புத்தகட்டில் படங்கள் செதுக்கினார். எல்லா வீடுகளிலும் தெரிந்த படம் ஒன்று. டிர்க் வில்லம்ஸ் என்பவன் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரின் மேல் ஓடுகிறான். துரத்தி வந்த காவலன் காலடியில் பனி உடைகிறது. டிர்க் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்குகிறான். தூக்கப்பட்டவன் அவனைப் பிடித்துக் கொடுக்க, 1569 மே மாதம் எரித்தார்கள். ஜனவரியில் ஊர் அணைக்கட்டு நீர் உறைந்து கிடந்தபோது அதன் ஓரமாக நடப்பேன். இரண்டு கைகளையும் நீட்டிக் குனிந்திருக்கும் அந்த உருவம் மனதிலிருந்து போகாது. கை கொடுத்துத் தூக்கும் அந்தக் கணத்தில் ஒரு பேச்சும் கிடையாது என்பதைக் கவனித்தேன். அப்போது டிர்க் எதுவும் சொல்வதில்லை.

அதே ஜனவரியில் கல்லூரி ஓர் அறிவிப்புச் செய்தது. விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் இனி தேசிய கீதம் வாசிக்கப்படும். அமெரிக்காவில் பள்ளிக்கூட ஆட்டத்துக்குக்கூட அது இல்லாமல் முடியாது. இங்கே அதுவரை வாசித்ததில்லை. ராக்கெட்டுகளும் வெடிக்கும் குண்டுகளும் உள்ள பாட்டு. 1814இல் ஒரு கோட்டை தாக்கப்பட்டதைப் பார்த்து எழுதியது. ஆயுதம் தொடாதவன் அதை எப்படிப் பாடுவான்? ஆனால் மாணவர்களில் கணிசமானோர் மென்னோனைட் அல்லாதவர்கள். வெளியூர் அணிகள் வருகின்றன. விருந்தினருக்கு மரியாதை வேண்டாமா என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஊர் துன்பப்பட்டது. உணவுக்கூடத்தில் தட்டுகளின் சத்தம் அதிகமாகக் கேட்டது. முடிவில் ஒரு சமரசம்: சொற்கள் வேண்டாம், வாத்தியம் மட்டும், பின்னாலேயே அமைதி வேண்டி ஒரு பிரார்த்தனை.

மார்ச்சில் ஒரு குளிர்ந்த மாலை பேஸ்பால் ஆட்டம். முதல் தடவை வாசிக்கப்போகிறார்கள் என்று போயிருந்தேன். என் பக்கத்தில் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர். நூலகத்தில் அறிமுகமானவர், தினமும் பேசிக்கொள்வோம். இசை ஆரம்பித்தது. சிலர் எழுந்தார்கள், சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். கிழவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

எழுந்தபின்தான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது. எனக்கு அந்த நாடும் சொந்தமில்லை, கீதமும் சொந்தமில்லை. சீன யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் படம் முடிந்ததும் திரையில் கொடி பறக்கும். பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்திவைப்பார். அந்தக் கை இண்டியானாவில் வந்து என்னைத் தூக்கியது. 1985இல் கேரளத்தில் ஜனகணமன பாடாமல் நின்ற மூன்று குழந்தைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அது தவறு என்றது. அந்தத் தீர்ப்பை ஆதரித்து நண்பர்களோடு இரவெல்லாம் வாதாடியவன் நான். கருத்து உட்கார்ந்திருந்தது, உடம்பு எழுந்துவிட்டது.

திரும்பி நடக்கும்போது கிழவரிடம் வெட்கத்தோடு இதைச் சொன்னேன். உங்களைப் போல உட்கார எனக்குத் துணிவில்லை என்றேன். அவர் சிரித்தார். "உட்காருவது சுலபம். அறுபது வருஷமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்" என்றார். பிறகு வேறு ஒன்று சொன்னார். இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாகப் போக மறுத்த ஏறக்குறைய 12,000 பேரை அரசாங்கம் சேவை முகாம்களுக்கு அனுப்பியது. காட்டுத்தீ அணைத்தவர்கள் உண்டு. பட்டினிச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் உண்டு. இவரை ஒரு மனநோய் விடுதிக்கு அனுப்பினார்கள். ஒரே ஆள், இரவு முழுவதும், பெரிய கூடம் நிறைய நோயாளிகள். அடிப்பார்கள், மலத்தை வீசுவார்கள். பழைய காவலாளிகள் தடி வைத்திருந்தார்கள். இவர்கள் தடி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். "ஒரு நாள் ஒருவனை அடித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை. கை வலிக்கும் வரை." ஊதல் கேட்டது. தண்டவாளத்தருகே நின்றோம். ரயில் போய்க்கொண்டே இருந்தது. போனபின், விட்ட சொல்லிலிருந்து, "அவன் பெயர் எனக்குத் தெரியும்" என்றார். பெயரைச் சொல்லவில்லை.

இந்த மனிதர்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை, அந்த ஊர் மௌனத்தின்மேலும் படிந்துவிட்டது. அப்படித்தான் நடக்கும். நாம் மௌனி என்ற பெயரில் எழுதியவரைக் கொண்டாடிய கூட்டம். சொல்லாததில் ஆழம் இருக்கும் என்று நம்பிப் பழகியவர்கள்.

ஏப்ரலில் ஜான் ஹோவர்ட் யோடரின் 'இயேசுவின் அரசியல்' நூலைப் படித்தேன். 1972இல் வந்தது. மென்னோனைட்டுகளை உலகம் தத்துவ தளத்தில் பொருட்படுத்தியது இந்தப் புத்தகத்தால்தான் எனலாம். சபைச் சொந்த விவகாரமாக இருந்த அகிம்சையைத் தர்க்கத்தின் பலத்தோடு பொதுவில் வைக்கிறது. நம் காந்தியவாதிகள் இப்படி எழுதவில்லையே என்று ஏங்கினேன். குறிப்பேட்டில் முப்பது பக்கம் எழுதினேன். அவர் அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து 1997இல் இறந்தவர் என்று தெரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. கிழவரிடம் ஓடினேன். அவரைத் தெரியுமா, எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். அவர் நின்றார். தண்டவாளத்தைப் பார்த்தார். "நல்ல புத்தகம்" என்றார். நான் அதையும் ஆழம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் ஊர் திரும்பினோம். 2011இல் கல்லூரி நிர்வாகக்குழு கீதத்தை நிறுத்திவிட்டு வேறு தேசபக்திப் பாட்டை வைத்ததாகப் படித்தேன். கிழவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

2015இல், கோஷனிலிருந்து வரும் மென்னோனைட் காலாண்டிதழில் யோடரைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு வெளியாயிற்று. மாணவிகள், சபைப் பெண்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் அவர் பல்லாண்டுகள் பாலியல் ரீதியாகத் தகாதபடி நடந்துகொண்டார். நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தது. கமிட்டிகள் கூடின, ரகசியம் காத்தன. 1992இலேயே எல்க்ஹார்ட் தினசரி இதை எழுதிவிட்டது. 2015இல் அவர் பணியாற்றிய இறையியற் கல்லூரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. நான் அங்கே இருந்த வருஷம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. பெண்கள் பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரயிலுக்கு நிற்பதுபோல நின்றுவிட்டு, தங்கள் வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள்.

முப்பது பக்கக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை. தர்க்கத்தில் இன்றும் பிழை காண முடியவில்லை. ஆனால் கிழவரை மன்னிப்பதா என்பதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறேன். தான் அடித்ததை ஓர் அந்நியனிடம் சொல்லத் தெரிந்தவர், இதைச் சொல்லவில்லை. அன்று நாங்கள் நின்ற இடம், வெயில், அவர் தண்டவாளத்தைப் பார்த்த விதம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ரயில் ஏதாவது வந்ததா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.