அக்காவின் காதும் எந்திரத்தின் காதும்

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பட்டிமன்றமே நடத்தி விட்டோம். வேலை போகும் என்றது ஓரணி; புதுவேலை வரும் என்றது மறு அணி. நானோ என் அக்காவின் தொழிலைப் பற்றி மட்டும் சொல்ல விழைகிறேன்.

அக்கா செய்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்துவிடுவார். இங்கே நள்ளிரவில் அக்கா ஹெட்போனில் அதைக் கேட்டு, காலடிப் பெடலால் நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்வார். இடைவெளி உட்பட 65 தட்டு ஒரு வரி, வரிக்கணக்கில் கூலி. மருத்துவர் சொன்னது 'ஹைப்பர்டென்ஷனா', 'ஹைப்போடென்ஷனா' என்று ஐயம் வந்தால் பத்துமுறை கேட்பார். முன்னது உயர் ரத்த அழுத்தம், பின்னது தாழ்வு. மருந்தே மாறிவிடுமல்லவா!

பிறகு எந்திரமே கேட்டு எழுதலாயிற்று. அதன் பிழையைத் திருத்துவது அக்காவின் வேலை, கூலி பாதி. இத்தகைய திருத்தங்களைக் கொண்டுதான் எந்திரத்தைப் பழக்குகிறார்களாம். மாணவன் தேறத் தேற ஆசிரியரின் ஊதியம் தேய்கிற பள்ளி இது ஒன்றுதான் போலும்! (நம் கௌரவ விரிவுரையாளர்கள் மறுக்கக்கூடும்.)

1983-இல் வங்கி ஊழியர் சங்கங்கள் கணிப்பொறி குறித்து நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து எந்திர எழுத்துக்கு வரம்பு கட்டினர். வரிக்கூலிக்குத் தட்டும் அக்காவுக்கு ஏது சங்கம்?

இதனினும் என்னை உறுத்துவது வேறொன்று. கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று சேர்ந்த அன்றே அக்கா கையெழுத்திட்டார். ஆறாண்டில் ஒரு நோயாளியைப் பற்றியும் அவர் வீட்டில் பேசியதில்லை. ஒருநாள் விடியலில் உண்ணாமல் படுத்தார். "என்னடி ஆச்சு?" என்றார் அம்மா. "வேலைம்மா" என்றார், அவ்வளவே. எந்திரத்திடம் யார் கையெழுத்து வாங்குவது? அது கேட்டது எங்கே தங்குகிறது, எவர் எடுத்தாள்கிறார் என நோயாளி அறிவாரா?

நாமும் விடுதியில் காய்ச்சலுக்கும் காதலுக்கும் அதனிடமே யோசனை கேட்கிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. நல்லதுதான். ஆனால் நிபந்தனைகளைப் படித்தபின் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியவர் நம்மில் எத்தனை பேர்?

சென்ற மாதம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரகசியம் காப்பதாக இட்ட கையெழுத்து மட்டும் இனியும் செல்லும் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள்.