வளையல் துண்டு உடுத்தியவர்கள்

வரிசை வரிசையாக நிற்கிறார்கள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே முகம். சற்று நின்று பார்த்தால் ஒருத்தி கழுத்தைச் சாய்த்திருக்கிறாள். அடுத்தவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். மேலெல்லாம் கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை, சிவப்பு, கருநீலம். உடைந்தவை உடைந்தபடியே ஈரச் சிமெண்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. வெயில் நகர நகர உடையின் நிறமும் மாறுகிறது.

சண்டிகர் ராக் கார்டனில் கூட்டம் செல்ஃபி எடுத்தபடி இந்தச் சிலைகளைக் கடந்து போகிறது. இவர்களும் கூட்டத்தை வேடிக்கை பார்க்கிறார்கள்.

பக்கத்துத் திட்டில் இருப்பவர்களுக்குப் பீங்கான் சட்டை. கிட்டே போனால் தேநீர்க் கோப்பையின் விளிம்பு தெரிகிறது, தட்டில் ஓடிய நீலக்கோடு தெரிகிறது. அப்பால் ஒரு சுவர் முழுக்க மின்சார சாக்கெட்டுகள். எதன் பழைய அடையாளத்தையும் தேய்த்து மறைக்கவில்லை. கோப்பை இன்னும் கோப்பைதான். இப்போது ஒருவனுடைய தோளில் இருக்கிறது, அவ்வளவே.

இவர்களை உண்டாக்கிய நேக் சந்த் எந்தச் சிற்பப் பள்ளியிலும் படித்தவரல்ல. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து, 1947 பிரிவினையில் ஊரை இழந்து இந்தப் பக்கம் வந்தவர். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வகுத்த திட்டப்படி சண்டிகர் எழுந்தபோது, அங்கே முன்பே இருந்த கிராமங்கள் இடிக்கப்பட்டன. புதிய நகரம் விட்டெறிந்த ஓட்டையும் சட்டியையும் பழைய சைக்கிளையும் வேலை முடிந்த நேரங்களில் அவர் சேர்த்தார். சைக்கிள் சட்டங்கள் சிலைகளுக்கு எலும்பாயின.

கல் விஷயத்தில் அவர் வழி வேறு. சிவாலிக் அடிவார ஓடைகளிலிருந்து கொண்டுவந்தவற்றில் உளி படவே இல்லை. ஒன்று குந்தியிருக்கும் கிழவன், ஒன்று கழுத்தை நீட்டும் பறவை. செதுக்கியது தண்ணீர், அடையாளம் கண்டது அவர். நிமிர்த்தி நிறுத்தியதோடு தன் வேலையை முடித்துக்கொண்டார்.

1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த வேலை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் நடந்தது. இடம் காட்டு நிலம். எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். 1970களில் அதிகாரிகளுக்குத் தெரிய வந்தபோது எல்லாவற்றையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. இடிக்கவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் தந்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ வந்தது. 1990இல் சாலை போட ஒரு பகுதியை இடிக்க வந்தபோது, ஊர் மக்கள் குறுக்கே நின்று காத்தார்கள். 2015இல் அவர் காலமானார்.

வெளியே நகரம் நேர்கோடும் அகலச் சாலையுமாக விரிகிறது. உள்ளே பாதை நெளிகிறது, எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது. வாசல்களை வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டியிருக்கிறார். தலைப்பாகை கட்டிய நெட்டைப் பெரியவர் குனிந்து நுழைகிறார். பின்னால் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமில்லை, நிமிர்ந்தபடியே ஓடுகிறார்கள். இடிக்கலாமா என்று பார்க்க அன்று வந்த அதிகாரிகளும் இப்படித்தான் தலை தாழ்த்தி உள்ளே வந்திருக்க வேண்டும்.