எழுதாமல் விட்ட பத்து நிமிடம்

(எச்சரிக்கை: கதையின் முடிவு கீழே இருக்கிறது. 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' படிக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வருவது உத்தமம்.)

அகதா கிறிஸ்டி இந்த நாவலில் வாசகரை ஏமாற்றிவிட்டார் என்ற புகார் அது வெளிவந்த 1926லிருந்தே உண்டு. கிங்ஸ் அபாட் என்ற ஆங்கிலேய கிராமம். பணக்காரர் அக்ராய்ட் தன் அறையில் குத்தப்பட்டுக் கிடக்கிறார். ஓய்வு பெற்று அதே ஊரில் தோட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஹெர்க்யூல் பாய்ரோ துப்பறிய வருகிறார். கதை சொல்பவர் உள்ளூர் டாக்டர் ஷெப்பர்ட். கொலைகாரரும் அவரே!

இது தெரிந்ததும் முதலில் வருவது கோபம்தான். ஹோம்ஸுக்கு வாட்சன், பாய்ரோவுக்கு ஹேஸ்டிங்ஸ் என்று பழகிய வாசகர், அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் நம்பிவிடுவார். (ஹேஸ்டிங்ஸை ஏற்கெனவே அர்ஜென்டினாவுக்கு அனுப்பியாகிவிட்டது. காலியிடம் ரெடி!) குற்றவாளியின் மன ஓட்டத்தை வாசகர் பின்தொடரும்படி எழுதக் கூடாது என்று 1929ல் ரொனால்ட் நாக்ஸ் விதியே போட்டார்.

ஆனால் கோபம் ஆறியதும் இன்னொரு முறை படிக்க வேண்டும். தன்னை மிரட்டிப் பணம் பறித்தவன் யார் என்று ஒரு பெண் எழுதிய கடிதம், இரவு 8.40க்கு அக்ராய்டின் கைக்கு வருகிறது. 8.50க்கு டாக்டர் கிளம்பும்போதும் அது முழுதாகப் படிக்கப்படாமலே இருக்கிறது. கதவருகே நின்று, எதையாவது விட்டுவிட்டோமா என்று டாக்டர் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். முதல் வாசிப்பில் அது ஒரு பொறுப்பான மனிதரின் தயக்கம். இரண்டாவதில் கை சில்லிட்டுப் போகும்.

பி.காம். படித்தவர்களுக்கு விடுபிழை ஞாபகம் இருக்கும். ஒரு நடவடிக்கையை ஏட்டில் ஏற்றவே இல்லை என்றால் பற்றும் இருக்காது, வரவும் இருக்காது. இருப்பாய்வு அழகாக டேலி ஆகிவிடும். எத்தனை தடவை கூட்டினாலும் பிடிபடாது. ஷெப்பர்டின் கணக்கும் அப்படித்தான். போலீஸிடம் அவர் பொய் சொல்கிறார், வாசகரிடம் சொல்வதில்லை. பத்து நிமிடத்தைப் பதியவில்லை, அவ்வளவுதான். கையில் வந்த பணத்தை ஊக வணிகத்தில் தொலைத்ததைக்கூட ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். பணமுடை உள்ள ஆள் என்று அப்போதே தெரிந்தும் யாரும் சந்தேகப்படவில்லை என்றால் கிறிஸ்டி என்ன செய்வார்?

செத்தவர் பேசுவது போல டிக்டபோனை ஓடவிடும் தந்திரம் மட்டும் கொஞ்சம் ஓவர்.

பியர் பேயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1998ல் ஒரு புத்தகமே எழுதி, பாய்ரோவின் தீர்ப்பு தப்பு, உண்மையான கொலைகாரர் ஷெப்பர்டின் சகோதரி கரோலின் என்று வாதாடினார். சுவாரசியமான வாதம்தான், ஆனால் கரோலினைத் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வீட்டை விட்டு நகராமல் ஊர்ச் செய்தி அத்தனையும் சேகரிக்கும் பெண்மணி அவர். மிஸ் மார்ப்பிளுக்கு விதை இவர்தான் என்பதுபோல கிறிஸ்டியே பின்னாளில் எழுதியிருக்கிறார். கரோலினுக்காகத்தான் பாய்ரோ உடனே போலீஸைக் கூப்பிடாமல் டாக்டருக்கு ஒரு ராத்திரி அவகாசம் தருகிறார். டாக்டர் விடிய விடிய உட்கார்ந்து, விட்டுப்போன பத்து நிமிடத்தையும் சேர்த்து எழுதி முடிக்கிறார். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் தெரிந்து வைத்திருக்கும் கரோலினுக்கு, தன் வீட்டு விஷயம் மட்டும் கடைசிவரை தெரியப்போவதில்லை.