வில்கமுவவில் ஒரு வெரோனாக்காரி

மாத்தளையிலிருந்து ஹெட்டிப்பொலைக்குப் போகும் பஸ் ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் மலையேறும்போது எனக்கும் மனைவிக்கும் பேச்சு இல்லை. காரணம் வியன்னா.

பயண முகவர் ஒருவர் எழுதித் தந்த ஐரோப்பியத் திட்டம் அவளுடைய கைப்பையில் இருந்தது. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம், லூசேர்ன். எல்லாம் பதினான்கு நாளில். வியன்னாவை வெட்டினால் தம்பி வீட்டில் இரண்டு நாள் கூட நிற்கலாம் என்றாள் அவள். வியன்னாவை வெட்டுவதென்றால் நீ மட்டும் போய் வா என்றேன் நான். பிட்டவல பத்தனைப் புல்வெளியைப் பஸ் கடந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் யாழ்ப்பாணம். அக்கா பாரிஸுக்கு வெளியே லா கூர்னேவில் இருக்கிறார், தம்பி சுவிஸில் பேர்ன் நகரத்தில், சின்னம்மா லண்டனில். 1983க்குப் பிறகு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தவர்கள். ஐரோப்பா என்றால் அவளுக்கு அந்த முகங்கள்தான் நினைவுக்கு வரும். நான் மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளை. என் பெரியப்பாவும் அத்தைமாரும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் தலைமன்னாரில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள். கூடலூர்ப் பக்கம் போனால் எனக்குச் சோறு போட ஆள் உண்டு. ஐரோப்பாவில் கதவு திறக்க ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் படித்த நகரப் பெயர்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. அதில் ஒன்றை வெட்டச் சொன்னால் எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

வில்கமுவவுக்கு நாங்கள் போனது என்னோடு படிப்பித்த சிங்கள நண்பர் ஒருவரைப் பார்க்க. ஓய்வுபெற்ற பிறகு வஸ்கமுவ தேசியப் பூங்கா ஓரத்திலுள்ள தன் ஊரோடு தங்கிவிட்டார். மனைவிக்கு இந்தப் பயணத்தில் அவ்வளவு விருப்பமில்லை. மகாவலிக் குடியேற்றம் என்று கேட்டாலே அவள் முகம் இறுகும். அந்தச் சொல் வடக்கு கிழக்கில் எத்தனை தமிழ் ஊர்களை மாற்றிப்போட்டது என்பதை வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்ந்தவள். நானும் அவளை வற்புறுத்தவில்லை. இறங்கி வரும் வழியில் களுகங்கை நீர்த்தேக்கம் நீலமாக விரிந்து கிடந்தது. பழைய லக்கல நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஆட்களுக்குப் புது நகரம் கட்டிக் கொடுத்தார்கள். அதைச் சொன்னபோது, "அப்ப இவையும் ஊரை விட்டவைதானே" என்றாள். பஸ் ஏறிய பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஹெட்டிப்பொலையில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். மினிப்பே இடதுகரைக் கால்வாய் பாயும் வயல்களின் நடுவே வண்டி ஓடியது. மாலை ஐந்தரை இருக்கும். தெருவோரச் சில்லறைக் கடை ஒன்றின் முன்னால் ஓட்டோக்காரத் தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டான். முன்னால் யானை இறங்கியிருக்கிறது, இனிக் காலையில்தான் போகலாம் என்றான். அதில் பேரம் பேச இடமே இல்லை. இந்தப் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் தெரு யானைக்குச் சொந்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யானைப் பாதையை நடந்து கடக்க வேண்டாம் என்பதற்காகவே இங்கே ஒரு பஸ் ஓடுகிறது. இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் வீட்டுத் தோட்டங்களுக்குத் தோடங்கன்றும் கொடுத்திருக்கிறது. யானைக்குத் தோடைமரம் பிடிக்காதாம். அந்தக் கடை வளவிலும் நான்கைந்து மரங்கள் பச்சைக் காயோடு நின்றன.

கடைக்காரப் பெண்ணுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். என்னை மல்லி (தம்பி) என்றும் மனைவியை நங்கி (தங்கை) என்றும் அழைத்தார். நாங்கள் அக்கா என்றே கூப்பிட்டோம். பின்னறையில் பாய் விரித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு அடுப்பில் ஒரு சிறிய அலுமினியக் கேத்தலை வைத்தார். எட்டு முகம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. அடியில் தண்ணீர் கொதித்ததும் அது கோப்பித்தூளின் ஊடாக மேலே ஏறி, மேல் தட்டில் கறுப்பாகச் சுரந்தது. இத்தாலிக்காரர் வீட்டுக் கேத்தல். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"வெரோனாவில். பதினெட்டு வருஷம் அங்கேதானே இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புலம்பெயர்தல் என்றால் அது தமிழர் கதை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். சிங்களவர்கள் மிலானிலும் நாப்போலியிலும் வெரோனாவிலும் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று தெரியும். அதை வென்னப்புவைக் கரையோரத்துச் சமாசாரம் என்றே வைத்திருந்தேன். யானை வரும் ஊரிலிருந்து ஒரு பெண் போய், பெயர் சொல்லத் தெரியாத நாட்டில் கிழவி ஒருத்தியைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, 2002இல் இத்தாலி வீட்டுப் பணியாளர்களுக்கு வதிவிட அனுமதி கொடுத்தபோது வரிசையில் நின்று தாள் வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்துத் திரும்பியிருக்கிறார். அவர் அதைச் சொன்ன விதத்தில் சலிப்பும் இல்லை, பெருமையும் இல்லை. கடையில் பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். பெரிய சட்டியில் உப்புத் தண்ணீர் கொதித்தது. சேனையில் விளைந்த சோளத்தை மில்லில் அரைத்த மாவை ஒரு கையால் மழைத்தூறல்போலத் தூவி, மறு கையால் நீண்ட அகப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கை ஓயவில்லை. மனைவி போய் அகப்பையை வாங்கிக்கொண்டாள். மஞ்சளாக இறுகிய களியைப் பலகையில் கவிழ்த்து, கத்தியைத் தொடாமல், தைக்கும் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து அடியிலிருந்து மேலாக வெட்டினார். நூல் போன வழியில் ஒரு துணுக்குக்கூட ஒட்டவில்லை. வெரோனாப் பக்கத்துக் கிழவிகள் இப்படித்தான் வெட்டுவார்களாம். அங்கே இதற்குப் பெயர் பொலெந்தா. வடக்கு இத்தாலியில் ஏழைகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வயிறு நிரப்பிய உணவு. பாலில் வேகவைத்த உலர்மீனோடு சாப்பிடுவது பக்கத்து விச்சென்சா நகரத்து வழக்கம். அக்கா அதற்குப் பதிலாகக் கட்டாக் கருவாட்டைத் தேங்காய்ப் பாலில் வெங்காயம் போட்டுக் காய்ச்சியிருந்தார். முதல் வாயிலேயே மனைவி என்னைப் பார்த்தாள். அவளுடைய அம்மம்மாவின் குரக்கன் களியும் கருவாட்டுக் குழம்பும் அவள் நாக்குக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சாப்பிட்ட பிறகு முகவரின் தாளை அவளே எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அவளுக்குச் சிங்களம் சரளமில்லை. எனக்கு எதிராகச் சாட்சி தேடுகிறாள் என்று புரிந்தும் நான்தான் மொழிபெயர்த்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடன்கொப்பியின் பென்சிலை எடுத்தார்.

"பெட்டியை யார் தூக்குவது?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

நான்தான் என்றேன். வெனிஸில் சக்கரம் உருளாது என்றார். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, ஏறி இறங்கி அடுத்த பாலம். பிறகு ஒவ்வொரு நகரத்துக்கும் இடையே பென்சிலால் ஒரு கோடு போட்டார். காலை பத்து, பதினொன்றுக்கு அறையை விடச் சொல்வார்கள். அடுத்த ஊரில் இரண்டு, மூன்று மணிக்கு முன்னால் அறை தரமாட்டார்கள். கோடு ஒன்றுக்குப் பாதி நாள் போயிற்று. நகரம் எட்டு என்றால் கோடு ஏழு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிராக்குக்கு ரயிலில் ஒரு பகல் முழுதும் போய்விடும், வியன்னாவிலிருந்து வெனிஸுக்கும் அப்படித்தான். வந்து இறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால் கையில் என்ன மிஞ்சும் என்று என்னிடமே கேட்டார். முகவர் இதையெல்லாம் சொல்லவில்லை. லண்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. பிரித்தானியா ஒருநாளும் செங்கன் வலயத்தில் இருந்ததில்லை; ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் நமக்கு இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம்தான்.

"பதினெட்டு வருஷத்தில் நான் வெனிஸுக்கு ஒரே தடவைதான் போனேன்" என்றார். கிழவியைப் பார்க்கும் வேலையில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. ஒரு வியாழக்கிழமை ரயிலேறிப் போய், கட்டிக்கொண்டு போன சோற்றைப் பாலமொன்றின் படியில் இருந்து சாப்பிட்டு, கிழவிக்கு இரவு மருந்து கொடுக்கும் நேரத்துக்குத் திரும்பிவிட்டார். ரோமைப் பார்க்கவே இல்லை. ஆனால் வெரோனாவில் அதிஜே ஆறு எந்த மாதத்தில் நிறம் மாறும், எந்தச் சந்தையில் நண்பகலுக்குப் பிறகு மரக்கறி விலை இறங்கும், எந்தக் கோயில் மணி கால் நிமிஷம் பிந்தி அடிக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஜூலியட் வீடு என்று உலகமே போய் நிற்கும் வாசலில் கூட்டம் அதிகம் என்று அந்தத் தெருவால் போவதையே தவிர்ப்பாராம். அங்கே இருந்தவர் ஒருவர் வாயால் ஒரு ஐரோப்பிய நகரத்தைப் பற்றி நான் கேட்டது அன்றுதான். என் பட்டியலில் வெரோனாவே இல்லை.

மனைவியின் பக்கம் திரும்பி, "உறவுக்காரர் வீட்டில் நில்லுங்கள் நங்கி. அவர்களோடு பாண் வாங்கப் போங்கள். குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போடுகிறார்கள் என்று பாருங்கள். அதுதான் அந்த ஊர்" என்றார். அவள் முகத்தில் வெற்றி தெரிந்தது. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்; வரவில்லை. அடுத்து என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு யாரையும் தெரியாத ஒரு ஊர் வேண்டும் மல்லி. ஒன்றே ஒன்று. அங்கே மூன்று நாள் சும்மா நடங்கள்."

வெளியே எங்கேயோ யானைவெடி இரண்டு கேட்டது. அக்கா தலை நிமிரவில்லை.

அந்த இரவு பாயில் படுத்தபடியே இருவரும் புதுத் திட்டம் போட்டோம். சின்னம்மா லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸுக்கு வரட்டும் என்றாள். வியன்னாவை நானே விட்டேன். பாரிஸில் அக்கா வீட்டில் ஒரு வாரம். லா சப்பல் கடைத்தெருவும் மாணிக்க விநாயகர் கோயிலும் இருக்கும்போது அவளுக்கு நேரம் போவதே தெரியாது. பாரிஸிலிருந்து பாசெல் வழியாக பேர்ன், ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே யூரோப்பாபிளாட்ஸில் ஒரே கூரையின் கீழ் நம் சைவக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த நிலையமும் இருக்கும் சமயங்களின் இல்லம், 2014இல் திறந்தது. தம்பி அதைப் பற்றி அவளிடம் எத்தனையோ தடவை சொன்னதுண்டு. பேர்னிலிருந்து ஆல்ப்ஸின் அடியால் துளைத்துப் போகும் சிம்ப்லொன் சுரங்கம் வழியாக மிலான், மூன்று மணி நேரம். சுரங்கத்தின் நீளம் கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர். 1906இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மிலானிலிருந்து வெரோனா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே யாரையும் தெரியாமல் மூன்று நாள் எனக்கு. மனம் வந்தால் ஒரு வியாழக்கிழமை வெனிஸுக்குப் போய்ப் படியில் இருந்து சோறு சாப்பிட்டு வரலாம். திரும்பும் விமானம் மிலானிலிருந்து. பாரிஸுக்குத் திரும்பி ஓடினால் ஒரு நாளும் ரயில் காசும் வீண். எல்லாம் ஒரே ரயில் பாதையில் கோத்த மாதிரி வருகிறது.

காலையில் பணம் கொடுத்தபோது அக்கா பாய்க்கு வாங்கவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வாங்கினார். மனைவி அவரிடம் நூலால் களி வெட்டும் முறையை இன்னொரு தடவை கேட்டுப் பழகிக்கொண்டாள். இரண்டு பேரும் எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

போகத் திட்டமிடும் தம்பதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதிக இரவு தங்கும் நாட்டுக்குத்தான் செங்கன் விண்ணப்பம் போடவேண்டும். இரவுகள் சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. ஆகவே நகரங்களை முடிவு செய்யாமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். பிரான்சில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அவர் தன் நகரசபைக்குப் போய் 30 யூரோ கட்டி வரவேற்புச் சான்று எடுத்து அனுப்பவேண்டும். அதற்குச் சில கிழமைகள் பிடிக்கலாம். விமானச் சீட்டுக்கு முன்னால் அக்காவுக்கோ தம்பிக்கோ தொலைபேசி எடுத்து அந்தச் சான்றைக் கேளுங்கள். நாங்கள் ஹெட்டிப்பொல பஸ் நிலையத்தில் நின்றே லா கூர்னேவுக்கு அழைத்துவிட்டோம்.