பரணில் கிடந்த கேரம் போர்டு

ஆண் பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் பரணைப் பார்த்தாலே தெரியும். பிளந்த கிரிக்கெட் மட்டை, ஸ்டம்புகள், காய் தொலைந்த கேரம் போர்டு என்று ஒரு குட்டிக் கடையே தூசி படிந்து கிடக்கும். தூக்கிப் போட மனசு வராது. வைத்துக்கொள்ள இடமும் இருக்காது.

எங்கள் வீடு பெரம்பலூரில். மூத்தவன் வேலைக்காக ஓசூர் போனதும் அவனுடைய மட்டையும் மூன்று ஸ்டம்புகளும் பரணேறின. கேரம் போர்டு என் பிறந்த ஊரான அரியலூரிலிருந்து வந்தது. என் அண்ணன்மார் ஆடியது. "வெந்நீர் அடுப்புக்காவது ஆகும்" என்று மாமியார் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பத்தாவது படிக்கும் என் மகளுக்குக் கழுத்து வலி வந்தது. புத்தகத்தைத் தரையிலேயே வைத்து மணிக்கணக்காகக் குனிந்து எழுதினால் வலிக்காமல் என்ன செய்யும்? "உட்காரவே முடியலைம்மா" என்று எட்டு மணிக்கே புத்தகத்தை மூடிவிடுவாள். பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாம். புத்தகத்தை உயர்த்தி வையுங்கள், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கட்டும்" என்றார். மேசை நாற்காலி வாங்க அந்த மாதம் வழியில்லை. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மேசை மாதிரி நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது.

எங்கள் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா போன்ற மரங்களில் சாமி சிலைகளும் வாகனங்களும் செதுக்குகிற ஊர். அந்தப் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் வாகைச் சட்டங்கள் இரண்டு கேட்டேன். "துண்டுதானேம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார்.

முதலில் கேரம் போர்டை ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தோம். ஆட்டத்துக்குத் தூவும் பவுடர் பெரும்பாலும் போரிக் பவுடர். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதை மறக்கவே கூடாது.

ஸ்டம்பு 28 அங்குல உயரம். கூர்முனையை நீக்கிவிட்டு, இரண்டு ஸ்டம்புகளிலிருந்து ஓரடி நீளத்தில் நாலு கால்கள் அறுத்தோம். மகள் அளந்து கோடு போட்டாள். நான் ரம்பம் பிடித்தேன். "ஏம்மா, ஆசாரி வேலையெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

போர்டின் நடுப்பலகை மெல்லியது, திருகாணி பிடிக்காது. ஆகவே வாகைச் சட்டங்களின் இரு நுனியும் விளிம்புச் சட்டத்தில் படும்படி அடிப்புறத்தில் வைத்துத் திருகினோம். கால்களின் தலைப்பக்கத்தை ஒருபுறம் தட்டையாகச் சீவி, அந்தச் சட்டங்களோடு ஒட்டி நிறுத்தி, காலுக்கு இரண்டு திருகாணி போட்டோம். பின்கால் இரண்டையும் இணைக்க மூன்றாவது ஸ்டம்பு. இது இல்லாவிட்டால் மேசை ஆடும். எல்லாவற்றுக்கும் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் மரம் பிளந்துவிடும்.

மட்டை வில்லோ மரம், லேசானது. பிளவில்லாத பகுதியில் ஓரடி அறுத்து, மேசையின் பின்விளிம்பில் நிமிர்த்திப் பொருத்தினோம். நாலேகால் அங்குல அகலம். புத்தகம் சாய்த்து வைக்க அதுவே போதும். கை படும் ஓரங்களை உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்தோம். அப்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். குழி வலைகளைக் கழற்றவில்லை. ரப்பரும் ஷார்ப்பனரும் அதில்தான்!

திருகாணி, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்தது. துளை போடும் மெஷின் பக்கத்து வீட்டில் இரவல்.

அரைமணிக்கு ஒருதரம் நடப்பதையும் அவள் விடவில்லை. சில வாரங்களில் கழுத்து வலி நன்றாகக் குறைந்து, பத்து மணிவரை படிக்க ஆரம்பித்தாள். பகலில் மாமியார் கீரை ஆய்வதும் அந்த மேசையில்தான். பொங்கலுக்கு வந்த மூத்தவன், மட்டையில் தான் எழுதியிருந்த பேரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அவுட்டே ஆகலை போலிருக்கே!" என்றான்.

சகோதரிகளே, பரண் சாமானை அடுப்பில் போடுமுன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். கரையானும் உளுத்த தூளும் இல்லையென்றால் அதில் இன்னும் உயிர் இருக்கிறது. அறுக்கும் முன் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். பெண் பிள்ளையின் கையிலும் ஒருமுறை ரம்பத்தைக் கொடுத்துப் பாருங்கள்.