கறுவலுக்கு நகம் வெட்டிய கதை



"டீச்சர்ட ஊட்ட நாய் வளர்க்காங்களாம்" என்று ஊருக்குள் ஒரு கதை போவது எங்கள் காதுக்கும் வந்தது. பாதி உண்மை. மற்றப் பாதியையும் நீங்களே எழுதிப்போடுங்க என்று உம்மா சொன்னா. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுவல் வீட்டு நாய் இல்லை, வட்டை நாய். வாப்பாவின் வாடியில் ஏழெட்டு வருஷமாகக் கிடந்தது. பன்றி வந்தால் ஒரு குரைப்பு, யானை வந்தால் வேறொரு குரைப்பு. வாப்பா வாடிக்குள் படுத்தபடியே என்ன வந்திருக்கு என்று சொல்லுவார். வயல் காவலுக்கு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடமிருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியிருந்தும் வாப்பா அதை ஒருநாளும் ஊருக்குள் கொண்டுவந்ததில்லை.

போன பெரும்போகம் வெட்டி முடிந்த கையோடு வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தோம். குத்தகைக்காரரிடம் சொந்த நாய்கள் இருந்தன. கறுவலைத் தம்பி லேண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்து பின்வளவு முருங்கையில் சங்கிலி போட்டுக் கட்டினான். ஒரு கிழமைக்கு என்றுதான் பேச்சு. ஐந்து மாதம் ஆகிவிட்டது.

வட்டையில் திரிகிற நாய்க்கு யாரும் நகம் வெட்டுவதில்லை. வரப்பும் கிரவல் ரோட்டும் அதைத் தேய்த்துவிடும். எங்கள் கடற்கரை மணலில் கட்டிக் கிடக்கிற நாய்க்கு என்ன தேயும்? கிணற்றடிச் சீமெந்தில் கறுவல் நடந்தால் டக் டக் என்று சத்தம் கேட்கும். நகம் தரையில் முட்டி, விரல்கள் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். முன்காலின் உட்பக்கம், தரையில் படாத உயரத்தில், பெருவிரல் மாதிரி இன்னொரு நகம் இருப்பது எங்களுக்கு அப்போது தெரியவே தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளிக்கப் போகுமுன் முடித்துவிடலாம் என்று இறங்கினோம். தம்பி சாக்கைப் போட்டுத் தலையை அமுக்கினான். நாங்கள் பழைய நகவெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டும் பிழை. எங்கள் நகவெட்டி தட்டை நகத்துக்குச் செய்தது. நாயின் நகம் உருண்டை, அதை அது வெட்டாது, நசுக்கும். நகம் பிளந்து இரத்தம் வந்தது. கறுவல் கத்திக்கொண்டு திரும்பிய வேகத்தில் தம்பியின் மணிக்கட்டில் பல் பட்டது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவினோம். அன்றைக்குச் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான். வைத்தியசாலையில் கேட்ட முதல் கேள்வி, நாய்க்கு விசர்த் தடுப்பூசி போட்டதா என்பது. வாப்பாவின் அலுமாரிக்குள் கார்ட் இருந்தது. கடைசித் திகதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. தம்பிக்கு ஊசி ஏற்றினார்கள். (நாய் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள்.)

அதற்குப் பிறகு யாரும் கறுவலுக்குக் கிட்டப் போகவில்லை. சோற்றை வைத்துத் தடியால் தள்ளிவிடுவோம். "அதுக்குப் புடிக்கல்லயே, உட்டிருங்க" என்று மாமி சொன்னா. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

பிறகு அது நொண்டத் தொடங்கியது. மிருக வைத்தியரைக் கூட்டி வந்தோம். வாய்க்கட்டுப் போட்டு, மயக்க ஊசி கொடுத்து, காலைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெருவிரல் நகம் வளையம் மாதிரிச் சுருண்டு நுனி சதைக்குள் இறங்கியிருந்தது. வெட்டி இழுத்தபோது சீழ் வந்தது. அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

உம்மா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. ஒன்றும் பேசாமல் உள்ளே போனா. கொஞ்ச நேரத்தில் "இங்க வாங்க புள்ளயள்" என்று கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது.

வாப்பாவின் வலக்கை. பாரிசவாதம் வந்ததிலிருந்து அது பொத்தியபடிதான் இருக்கும். திறக்கப் போனால் சத்தம் போடுவார், இடக்கையால் தட்டிவிடுவார். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்கு முன் தன் நகத்தைத் தானே வெட்டிக்கொண்ட மனுஷன். பிள்ளைகளிடம் கையை நீட்ட அவருக்கு வெட்கம். நாங்களும் அவர் தூங்கும்போது இடக்கை நகத்தை மட்டும் வெட்டிவிட்டு, பொத்திய கையை வெளியால் துடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். உம்மா அன்றைக்குப் பலவந்தமாகத் திறந்து பார்த்திருக்கிறா. உள்ளங்கையில் நாலு நகமும் பதிந்த இடம் பிறை பிறையாக இருந்தது. இரண்டு புண்ணாகியிருந்தது.

பின்வளவில் ஒன்று, நடு அறையில் ஒருவர். இரண்டு பேரும் கோபப்பட்டார்கள் என்று இரண்டு பேரையும் விட்டுவிட்டோம். வருத்தக்கூடாது என்றுதான் விட்டோம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்குப் பயம்.

வாப்பாவின் கைக்கு வழி காட்டியவர் இயன்மருத்துவர். விரல்களை இழுத்துத் திறக்காதீர்கள், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வையுங்கள், பிறகு மணிக்கட்டை உட்பக்கமாக மெல்ல மடியுங்கள் என்றார். செய்து பாருங்கள், உங்கள் கையிலும் தெரியும்: மணிக்கட்டு மடிந்தால் விரல்கள் தானாகத் தளரும். வெட்டி, துடைத்து, உலர்த்தி, சுருட்டிய துணி ஒன்றைப் பொத்தலுக்குள் வைத்துவிடுகிறோம். இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஐந்து மாதம் பயந்தோம்.

கறுவலின் பாடம் நீண்டது. கறுத்த நாய்க்கு நகமும் கறுப்பு. வெள்ளை நகமென்றால் உள்ளே ஓடுகிற இரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் வெட்டி நிறுத்தலாம். கறுப்பில் ஒன்றும் தெரியாது. வைத்தியர் சொன்ன வழி, ஒரு நெல்மணித் தடிப்புக்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதே. வெட்டிய முகத்தைப் பார். வெளிறிக் காய்ந்திருந்தால் இன்னும் எடுக்கலாம், நடுவில் ஈரமாகக் கறுத்த பொட்டு ஒன்று தெரிந்தால் நிறுத்து. நகம் நீள நீள நாளமும் கூடவே நீளும். ஒரே நாளில் கட்டையாக வெட்ட ஏலாது. கிழமைக்குக் கொஞ்சம் எடுத்தால் நாளமும் பின்வாங்கும். தப்பி இரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்து.

ஆனால் காலையே தரமாட்டேன் என்கிற நாய்க்கு இதெல்லாம் எங்கே செய்வது? கலாசாலையில் பவ்லோவின் நாயை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். மணியடித்தால் எச்சில் ஊறும், 1904இல் நோபல் பரிசு, அது மணிக்கல்ல, சமிபாட்டு ஆராய்ச்சிக்கு. எல்லாம் தெரியும். ஒரு நாயைத் தொட்டதில்லை. இப்போது செய்து பார்த்தோம். நாய்க்கென்று விற்கிற குறடு மாதிரியான நகவெட்டி ஒன்று வாங்கினோம். முதல் கிழமை வெட்டவே இல்லை. தூரத்தில் நின்று கிளிக் என்று அமத்துவது, அவித்த ஈரல் துண்டு ஒன்று போடுவது. இரண்டாம் கிழமை தோளில் கை, பிறகு முழங்கால், பிறகு பாதம். ஒவ்வொன்றுக்கும் ஈரல். காலை இழுத்தால் விட்டுவிடுவது, அமத்திப் பிடிப்பதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை முதல் நாள் அழுதால் நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்போமோ, அப்படி.

அப்படியும் பாதத்தோடு நின்றுவிட்டது. நகவெட்டி நகத்தில் பட்டால் உறுமல். அப்போதுதான் தம்பிக்கு யோசனை வந்தது. வாப்பாவைக் கதிரையோடு பின்விறாந்தைக்குத் தூக்கி வந்தோம். ஐந்து மாதத்துக்குப் பிறகு கறுவல் வாப்பாவைக் காண்கிறது. துள்ளும் என்று நினைத்தோம். துள்ளவில்லை. சங்கிலி எட்டும் தூரம் வந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்துக்கொண்டது. வாப்பா நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினார், வட்டையில் கூப்பிடுகிற சத்தம். அது மட்டும் குழறவில்லை. இடக்கையை அதன் தலையில் வைத்தார். நாங்கள் ஒரு நகம் வெட்டினோம். ஒன்றே ஒன்று. பொட்டுத் தெரிந்தது, நிறுத்தினோம்.

மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புள்ளயளுக்கு எழுதிக் கொடுக்கிற கையால..." என்று தொடங்கினா. நியாயமான கவலைதான், தட்டிக்கழிக்க மாட்டோம். எங்கள் மத்ஹபில் எச்சிலோ ஈரமோ பட்டால் 7 முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீர். காய்ந்த கை காய்ந்த ரோமத்தில் பட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. உம்மா கிணற்றடியில் சுத்தமான மண் ஒரு பேசினில் வைத்திருக்கிறா, அந்த வேலைக்கென்று உடுப்பும் வேறு. மாமிக்கு உம்மா சொன்ன பதில் வேறு: "வெள்ளிக்கு வெள்ளி கஹ்பு ஓதுறமே மதினி, அந்தக் குகை வாசல்ல ரெண்டு காலையும் நீட்டிக் கிடந்தது என்ன?" மாமி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இறைச்சிக்கடையிலிருந்து ஈரல் துண்டு கொஞ்சம் வந்தது. யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.

இப்போது வியாழன் அஸருக்குப் பிறகு கறுவல், வெள்ளி காலை வாப்பா. போன வெள்ளி வாப்பா இடக்கையைத் தானே நீட்டினார். வலக்கைக்கு இன்னும் முகம் சுளிக்கிறார், தட்டிவிடுவதில்லை. கறுவலுக்கு முன்கால்கள் சரி, சீமெந்தில் சத்தம் குறைந்துவிட்டது. பின்கால்களைத் தொடவே விடுகிறதில்லை. அதற்கு இன்னும் ஒரு மாதமாவது போகும் போலிருக்கிறது. சின்னப்போகம் முடிந்ததும் குத்தகைக்காரர் கறுவலைத் திரும்ப வாடிக்கு எடுக்கிறேன் என்கிறார். வாப்பாவிடம் கேட்டோம். தலையை ஆட்டினார், ஆமாவா இல்லையா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

வாப்பாவுக்குத் துஆச் செய்யுங்கள்.