நாற்பத்தெட்டு வயதில் ஒரு கமரா

இடம்பெயர்ந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது குடும்பப் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. ஐம்பது வயதில் நான் கமரா பழகப் போனேன். “இனி எதற்கு அக்கா?” என்று சிரித்தார்கள்.

எனக்குத் தைரியம் தந்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். ஆறு பிள்ளைகளின் தாயான இந்த ஆங்கிலேயப் பெண்மணிக்கு 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசளித்தனர். தானாகவே பழகினார். கோழிக்கூட்டையே ஸ்ரூடியோ ஆக்கினார். படங்கள் தெளிவில்லை என்று பலர் ஏளனம் செய்தனர். ஆனால் 1865இலேயே லண்டன் அரும்பொருட்காட்சிச்சாலை ஒன்று அவற்றை விலைகொடுத்து வாங்கியது. பின்னர் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரிடம் வசதி இருந்தது, எங்களிடம் இல்லை. ஆனால் தயக்கத்தை விடுவதற்குக் காசு வேண்டாம், சகோதரிகளே. நான் முதலில் எடுத்தது அம்மாவின் முகம். சற்றுக் கலங்கலாகத்தான் விழுந்தது. அழிக்கவில்லை, சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.